ரெஜிஸ்டர் விலகிய கிளி

"கன்னிக்கு என்ன போட்டிருக்கான்?"

"செலவு."

"இதுக்கு முன்னாடியும் செலவுன்னுதான வாசிச்ச?"

"அது பத்தாந்தேதி. இது பதினொண்ணு."

"அடுத்தடுத்து ரெண்டு நாளைக்குச் செலவா? வர்ற வருசம் வெளங்குனாப்பலதான். சரி, ஒனக்கு?"

"ரிஷபத்துக்கு வரவு."

"அப்பப் பரவால்ல. நீ வாங்கி வையி, நான் செலவழிச்சுக்கிடுதேன்."

மாரீஸ்வரி சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பினாள். வரப்போகிற ஆண்டின் ஜூன் மாதம் அவள் மடியில் கிடந்தது. திருத்தங்கலில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தபடியே பிழை திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்தின் அத்தனை நாட்களும், ஊரில் யாருக்கும் விடிவதற்கு முன்னால், அவள் பேனாவுக்குக் கீழே வரிசையாக வந்து போய்விடும். தேதி, கிழமை, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், கடைசி வரியில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு வார்த்தை. சத்தமாக வாசித்தால்தான் பிழை அகப்படும் என்பது அவள் கட்சி. வாசிப்பதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். கண் மங்கி வேலையை விட்ட பிறகு அந்த ஆள் அவள் புருஷன் பாண்டிச்செல்வம்தான்.

நடுநடுவே வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாக வாசிப்பாள். அவர் கண்ணை மூடியபடியே "ஏய்" என்பார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அது ஒரு விளையாட்டு.

"வியாழக்கிழமை. ராகு காலம் பத்தரை டு பன்னெண்டு" என்று வாசித்துவிட்டு நிறுத்தினாள். வியாழனுக்கு ஒன்றரை டு மூன்று என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"ஏய்" வரவில்லை.

தலை தொங்கி, நாடி நெஞ்சில் சாய்ந்திருந்தது. காபி டம்ளர் காலியாகக் காலடியில் இருந்தது. அசந்துவிட்டார் என்று நினைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலே வாசித்தாள். தூங்குகிற ஆளுக்கு வாசிப்பதும் அவளுக்குப் பழக்கம்தான். பாதித் தூக்கத்தில் கேட்டு "ஏய்" சொன்ன நாட்களும் உண்டு. ஜூன் முடிந்தது. கடைசித் தாளில் கன்னிக்குச் சுகம் என்று போட்டிருந்தது.

"இந்தா, ஒங்களுக்குச் சுகம் வந்துருச்சு" என்று நிமிர்ந்தாள்.

நாற்காலிக் கைப்பிடியில் அவர் கை வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ஓய்ந்திருக்கிற கை மாதிரி இல்லை. யாரோ வைத்துவிட்டுப் போன கை மாதிரி இருந்தது.

தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். "நெஞ்சு நின்னுருக்கும்மா. வலி தெரிஞ்சிருக்காது" என்றார். பக்கத்து வீட்டு ஆட்கள் அவரைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவருடைய அண்ணன் முனியசாமி வேலை பார்க்கும் அச்சாபீசுக்கு யாரோ போன் போட்டார்கள். மாரீஸ்வரி அழவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அடுப்படிக்குள் போய், மதுரையில் இருக்கும் டாக்டர் ஆர்த்தியைப் போனில் கூப்பிட்டாள். மூளையைப் படம் எடுத்து ஆராய்ச்சி செய்யும் இடத்தில் இருக்கிற பெண்.

"ஆர்த்தியம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவுக கண்ணு நல்ல கண்ணுதான?"

ஆர்த்திக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா... எப்போ?"

"இப்பத்தான். கேட்டதுக்குச் சொல்லுங்க."

"நல்ல கண்ணுதான்க்கா. கண்ணுல கோளாறு இருந்ததே இல்லை. அதை இன்னொருத்தருக்கு வைக்கலாமான்னு கண் வங்கிக்காரங்கதான் பார்த்துச் சொல்லணும். உடனே கூப்பிடுங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும். ஃபேனை நிறுத்திருங்க. இமையை மூடி ஈரப் பஞ்சு வைங்க. தலைக்குக் கொஞ்சம் உயரமாக் கொடுங்க."

கண் வங்கியில் வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். மாரீஸ்வரி ஃபேனை நிறுத்தினாள். பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். இன்னொரு தலையணையை எடுத்துத் தலைக்கு அடியில் சொருகினாள். கைக்கு வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

புரட்டாசி வெயில். தீபாவளி சீசன் என்பதால் சிவகாசி ரோட்டில் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. மேலத்தெரு இருளம்மாள் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பாண்டிச்செல்வத்துக்குச் சித்தி முறை. தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைக் கட்டையில் அடுக்கி உரம் பாய்ந்த கை, தொண்டையும் அப்படித்தான். ஒரு பாட்டம் அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"ஏத்தா, இந்தப் புழுக்கத்துல ஃபேனை நிப்பாட்டி வச்சிருக்கீக?" என்று எழுந்து சுவிட்சைப் போட்டாள்.

மாரீஸ்வரி எழுந்து போய் அதை அணைத்தாள். "கண்ணு காஞ்சிரக் கூடாது சித்தி. கண்ணைக் குடுக்கப் போறோம். ஆள் வந்துக்கிட்டு இருக்கு."

"யாரு கண்ணை?"

"அவுக கண்ணைத்தான்."

இருளம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். "கண்ணு தெரியாதவன் கண்ணை எடுத்து யாருக்குத்தா வைக்கப் போறாக?"

அந்தக் கேள்வியில் தப்பு இல்லை. ஊரில் அவருக்குப் பெயரே கண்ணு தெரியாத செல்வம்தான். சிறு வயதில் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தபோது மருந்து கண்ணுக்குள் போயிருக்கும் என்று பாதிப் பேர் நம்பினார்கள். உண்மையில் அது வந்த விதமே வேறு.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே அச்சாபீசில் இருந்தார்கள். முனியசாமி நாலு கலர் மிஷினை ஓட்டுவார். மிஷினிலிருந்து விழுகிற தாளை எடுத்துக் கலர் பார்ப்பது பாண்டிச்செல்வத்தின் வேலை. ஒரு படத்தை நாலு கலராகப் பிரித்து நாலு பிளேட்டில் ஏற்றுவார்கள். நாலும் ஒன்றன்மேல் ஒன்றாக மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். அதற்கு ரெஜிஸ்டர் என்று பேர். ஒரு கலர் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் ஓரமெல்லாம் இரட்டையாகத் தெரியும், படம் பார்க்கிறவன் கண்ணைக் கசக்குவான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த ஒரு நாள், பாண்டிச்செல்வம் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெஜிஸ்டர் அவுட்டுண்ணே, மிஷினை நிப்பாட்டு" என்றார். முனியசாமி நிறுத்தி, லென்ஸை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. ஓட்டினார். மறுபடியும் "அவுட்டுண்ணே." மறுபடியும் நிறுத்தினார். மூன்றாவது தடவை முதலாளி பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். முப்பது வருடமாக மிஷின் ஓட்டுகிற மனிதனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கையிலிருந்த மைத்துணியைத் தரையில் அடித்தார்.

"ஏலே, ஷீட்டு கரெக்டாத்தாம்லே இருக்கு! ஒனக்குத்தாம்லே ரெஜிஸ்டர் போயிருச்சு!"

ஆத்திரத்தில் சொன்ன சொல். பின்னால் மதுரையில் பெரிய டாக்டர் அரை மணி நேரம் விளக்கிச் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.

அன்றைக்கு அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து வாசலில் நின்றது மாரீஸ்வரிக்கு நன்றாக நினைவிருந்தது. அவளை ஒரு மாதிரி பார்த்தார். "ரெண்டு மாரீஸ்வரி நிக்கீகளே. நான் யாருக்குப் பயப்படணும்?" என்றார்.

அண்ணனும் தம்பியும் ஒரு மாதத்துக்குப் பேசிக்கொள்ளவில்லை. நோய்க்குப் பெயர் தெரிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முனியசாமி கக்கத்தில் ஒரு தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தார். தம்பி முகத்தைப் பார்க்காமல் மாரீஸ்வரியிடம் கேட்டார்.

"என்ன பேரு சொன்னாக?"

"மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் அத்தான். சுருக்கமா எம்.எஸ்.னு சொல்லுதாக."

"எம்.எஸ்.ஸா?" முனியசாமி தம்பி பக்கம் திரும்பினார். "நம்ம குடும்பத்துல எம்.எஸ். வாங்குன மொத ஆளு நீதாம்லே."

பாண்டிச்செல்வத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முனியசாமி தாளை விரித்தார். கொய்யாக் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பச்சைக் கிளி. மிஷினைச் செட் பண்ணுவதற்கு முன்னால் ஓடிய வேஸ்ட் ஷீட். மூக்கின் சிவப்பு, மூக்கை விட்டு ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளி விழுந்திருந்தது.

"இந்தா. இது நெசமாவே அவுட்டு. செவுத்துல ஒட்டி வச்சுக்க. மூக்கு மட்டும் விலகியிருந்தா அது என் தப்பு. கிளியே ரெண்டாத் தெரிஞ்சா அது ஒன் தப்பு. இனிமே நமக்குள்ள சண்டை கிடையாது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பொழுது விடிவது கிளி முகத்தில்தான். "கிளி எம்புட்டு?" என்று மாரீஸ்வரி அடுப்படியிலிருந்து கேட்பாள். நல்ல நாளில் "ஒத்தைக் கிளி" என்பார். மோசமான நாளில் "கல்யாணம் ஆயிருச்சு" என்பார். பிறகு வலது கண்ணில் பனி மூடியது. சிவப்பு வெளுத்தது. கிளி மூக்கு செங்கல் நிறமாகி, அப்புறம் சந்தன நிறமாகிப் போனது. மருந்தில் கொஞ்சம் திரும்பி வரும், மறுபடி போகும். கலர் பார்க்கிற வேலையை அவரே விட்டுவிட்டார். கால் தள்ளாட ஆரம்பித்ததும் கம்பு வந்தது. கிளியை எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. இன்று காலையிலும் மாரீஸ்வரி கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு. தெளிவா உக்காந்திருக்கு" என்றார்.

ஆர்த்தியின் ஆராய்ச்சியில் அவர் சேர்ந்தது நோய் வந்த மறு வருடம். இந்த நோய்க்காரர்களுக்குக் கண் எப்படி மங்குகிறது, மங்கியது எப்படித் திரும்பி வருகிறது என்று மூளையைப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை வந்து ஒரு குழாய்க்குள் படுத்தால் போதும், இதனால் நோய் குணமாகும் என்று மட்டும் நினைக்க வேண்டாம் என்று ஆர்த்தி முதலிலேயே சொல்லிவிட்டாள். "பெரிய மிஷினா?" என்று மட்டும் கேட்டார் பாண்டிச்செல்வம். "ரொம்பப் பெருசு. சத்தமும் ஜாஸ்தி." அவர் முகம் மலர்ந்துவிட்டது.

குழாய்க்குள் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் மின்னும். நடுவில் ஒரு புள்ளி. புள்ளி சிவப்பாக மாறும்போது கையில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். முதல் வருடம் அவர் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மாரீஸ்வரியும் உட்கார்ந்திருந்தாள்.

"சார், முழிச்சிருக்கீங்களா?" என்று மைக்கில் கேட்டாள் ஆர்த்தி.

"முழிச்சுத்தாம்மா இருக்கேன்." குரலில் தூக்கம் வழிந்தது. "மிஷின் பக்கத்துலயே கெடந்து வளந்த ஒடம்பு. இந்தச் சத்தம் நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்."

"புள்ளி சிவப்பா மாறினதே, பார்க்கலையா?"

"செவப்பா? வெத்தலை போட்டு வாய் கொப்புளிச்ச மாதிரி ஒரு கலரு வந்துட்டுப் போச்சு. அதையா சொல்லுதீக?"

"அதேதான் சார். அது வந்தா அமுக்குங்க."

நாலைந்து வருடப் படங்கள் சேர்ந்த பிறகு ஒரு நாள் அவற்றை வரிசையாகத் திரையில் போட்டுக் காட்டினாள். சாம்பல் நிற மூளை, பின்பக்கம் ஆரஞ்சுத் திட்டுகள்.

"என் மண்டைக்குள்ள இம்புட்டுக் கலரா?" என்றார்.

"கலர் நாங்க போட்டது சார். வேலை எங்க கூடுதலா நடக்குதோ அங்க கம்ப்யூட்டர்ல கலர் கொடுப்போம். கண்ணு முன்னாடி இருக்கு, ஆனா பார்க்கிற வேலை பின்மண்டையில நடக்குது. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. அங்க இருந்து பின்னால போற நரம்புக்கு ஒரு உறை உண்டு, வயருக்கு மேல ரப்பர் மாதிரி. அது அங்கங்க அரிச்சுப்போச்சு. அதனால சேதி லேட்டாப் போகுது, மங்கலாப் போகுது." ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை நகர்த்தினாள். "ஆனா இங்க பாருங்க. முதல்ல இந்த இடம் சும்மா கிடந்தது. இப்ப இதுவும் சேர்ந்து வேலை செய்யுது. மூளை வேற வழியில சமாளிக்கப் பார்க்குதோன்னு நினைக்கிறோம். உறுதியாத் தெரியலை. அதைத்தான் படிச்சுக்கிட்டிருக்கோம்."

"ரயில்வே கேட்டுல பாலம் வேலை நடந்தா ஊரைச் சுத்திப் போவோம்லா, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

அதற்கப்புறம் ஏதாவது ஒன்று சட்டென்று தெரியாவிட்டால், பின்மண்டையை விரலால் இரண்டு தட்டு தட்டுவார். "இன்னும் வந்து சேரலை. கேட் போட்டிருக்கான்" என்பார்.

படங்களைப் பார்த்துவிட்டு அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில், கள்ளிக்குடி தாண்டியதும் சொன்னார். "ஏய் மாரி. கண்ணு நல்ல கண்ணாம்லா."

"கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

"நல்ல கண்ணை வச்சுக்கிட்டுச் சும்மா எரிக்கக் கூடாது. குடுத்துரு, என்ன?"

"இதெல்லாம் பஸ்ல வச்சாப் பேசுவீக?"

"பஸ்லதான் ஒன் பக்கத்துல இம்புட்டு நேரம் உக்காந்திருக்கேன்."

அவள் மடியிலிருந்த கடலைப் பொட்டலத்திலிருந்து ஒரு கை அள்ளி அவர் கையில் வைத்தாள். சரி என்று அர்த்தம். அவருக்கும் அது தெரியும்.

போன் சேதி கேட்டு முனியசாமி வேலைச் சட்டையோடு வந்தார். நகக்கண்ணில் மை காய்ந்திருந்தது. "ஏலே செல்வம்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோதுதான் பஞ்சு கண்ணில் பட்டது.

"இது என்ன தாயி?"

மாரீஸ்வரி சொன்னாள். பஸ்ஸில் அவர் சொன்னதையும் சொன்னாள். வண்டி மதுரையிலிருந்து கிளம்பிவிட்டது என்றும் சொன்னாள்.

முனியசாமி தலையை ஆட்டினார். "வேணாம்."

"அத்தான்..."

"வேணாம் தாயி." குரல் உயரவில்லை. "ஊசி, மாத்திரை, குழாய்க்குள்ள படுக்கை. முதுகுல குத்தித் தண்ணி எடுத்தானே, அன்னைக்கு நாந்தான அவன் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்? எம்புட்டு நடுங்குனான் தெரியுமா? போதும். இனிமே அவனை யாரும் தொட வேணாம். முழுசாப் போகட்டும்."

மாரீஸ்வரிக்குத் தெரியும், அவர் சொன்னது தம்பி மேல் உள்ள பிரியத்தில் சொன்னது. கொள்ளி வைக்கப் போகிறவரும் அவர்தான். அவரை மீறிக்கொண்டு, அவர் அழுகிற வாசல் வழியாக அந்த ஆட்களை உள்ளே கூட்டி வர அவளால் முடியாது. அவர் வேண்டாம் என்றால் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பஸ்ஸில் கொடுத்த கடலை கொடுத்ததுதான் மிச்சம்.

"அதுவும் கெட்டுப்போன கண்ணு" என்றாள் இருளம்மாள். அழுதழுது குரல் கட்டியிருந்தது. "வச்சுக்கிட்டவனுக்கும் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா, எந்தக் குடும்பத்துக் கண்ணுடா இதுன்னு நம்மளையில்லா ஏசுவான்?"

வாசல் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். முனியசாமி சிரிக்கவில்லை. "அது ஒண்ணு இருக்குல்லா தாயி" என்றார் மெதுவாக. அந்தப் பயம் அவருக்கும் இருந்திருக்கிறது என்று மாரீஸ்வரிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் எழுந்தாள்.

"அத்தான், கொஞ்சம் இங்கன வாங்க."

கிளிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

"இது யாரு தப்பு?"

"என் தப்புதான். அதான் அன்னைக்கே சொன்னேனே."

"பிளேட்டு கெட்ட பிளேட்டா?"

"பிளேட்டுல என்ன இருக்கு? நல்ல பிளேட்டு. மிஷின்ல செட்டிங் சரியா உக்காரலை."

"அப்புறம் அந்தப் பிளேட்டை என்ன செஞ்சீக? வீசிட்டீகளா?"

"வீசுறதா? பாதி ஆர்டர் ஓடும்போது நம்ம மிஷின் மக்கர் பண்ணுச்சு. கழட்டி அடுத்த மிஷின்ல மாட்டி மிச்சத்தை அடிச்சோம்."

"அதுல எப்பிடி விழுந்துச்சு?"

முனியசாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். கிளியைப் பார்த்தார். திரும்பிக் கட்டிலைப் பார்த்தார்.

"கண்ணாடி மாதிரி விழுந்துச்சு" என்றார்.

மாரீஸ்வரி பஞ்சை மறுபடி நனைத்து வைக்கப் போனாள். அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். பின்னால் ஃபேன் கிறீச்சென்று சுற்ற ஆரம்பித்தது. இருளம்மாள்தான் மறுபடியும் போட்டுவிட்டாள். முனியசாமி நேரே போய்ச் சுவிட்சை அணைத்தார். அணைத்துவிட்டு, அதை முதுகால் மறைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றார்.

"சித்தி, புழுக்கமா இருந்தா வெளிய போயி உக்காருங்க" என்றார்.

கண் வங்கி வண்டியில் ஒரு பெண்ணும் ஓர் ஆளும் வந்தார்கள். நோய் விவரத்தைக் கேட்ட பெண், மாரீஸ்வரியைத் தனியே அழைத்தாள்.

"நாங்க முன்பக்கம் இருக்கிற மெல்லிசான கண்ணாடிச் சவ்வை மட்டும் எடுப்போம்மா. முகத்துல ஒண்ணும் தெரியாது. ஆனா இந்த நோய் இருந்தவங்க கண்ணை இன்னொருத்தருக்கு வைக்கலாமாங்கிறதை எங்க டாக்டர்தான் முடிவு பண்ணுவாங்க. வைக்க முடியலைன்னா ஆராய்ச்சிக்கு எடுத்துக்குவோம். அதுக்கும் சம்மதமா?"

"ரெண்டுக்கும் சம்மதம்" என்றாள் மாரீஸ்வரி. "ஆராய்ச்சின்னா கூடுதலாச் சந்தோசப்படுவாக. அவுகளுக்கு அதுல பழக்கம் உண்டு."

முனியசாமி குறுக்கே வந்தார். "ஒரு வேளை யாருக்காவது வச்சா, அவுகளுக்கு ரெண்டு ரெண்டாத் தெரியாதுல்லா?"

"தெரியாதுய்யா. அது உள்ளே இருந்த கோளாறு. இது வேற."

முனியசாமி வாசலுக்குப் போனார். சாமியானாவுக்கு அடியில் உட்கார்ந்திருந்த அச்சாபீஸ் ஆட்களிடம், யாரும் கேட்காமலே, "பிளேட்டு நல்ல பிளேட்டாம்பா" என்று சொன்னார்.

கதவைச் சாத்திக்கொண்டு வேலையை முடித்தார்கள். மறுபடி கதவு திறந்தபோது அவர் எப்போதும் போல மத்தியானத் தூக்கத்தில் இருப்பவர் மாதிரி படுத்திருந்தார். இருளம்மாள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். இமையைப் பார்த்தாள், கன்னத்தைத் தடவினாள். "எம்புள்ளை முகம் அப்பிடியேல்ல இருக்கு" என்றாள். அதன் பிறகு அவளே பெரிய மனுஷி மாதிரி ஆட்களை விலக்கி, ஃபேனைப் போடச் சொன்னாள்.

குளிப்பாட்டுகிற நேரத்தில் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் தொட்டு வைத்தார்கள். மாரீஸ்வரியின் முறை வந்தது. எல்லோரும் உச்சியில் வைத்தார்கள். அவள் இடது கையை அவர் தலைக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, பின்மண்டையில் எண்ணெயை வைத்தாள். உள்ளங்கை நிறைய இருந்தது அந்த இடம். விரலால் இரண்டு முறை மெதுவாகத் தட்டினாள். பார்த்தவர்கள் எண்ணெய் தேய்க்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்ததும் நன்றாக அழுதாள்.

வெயில் தாழ எடுத்தார்கள். சிவகாசிப் பக்கத்துச் சாவுக்கு வெடிக்குக் குறைச்சல் இருக்காது; அச்சாபீஸ் ஆட்கள் கொளுத்திய சரம் தெரு முனை வரைக்கும் வெடித்துக்கொண்டே போனது. புகை கலைந்தபோது வாசலிலிருந்து ரோடு வரை சிவப்புக் காகிதத் துணுக்குகள் விரிந்து கிடந்தன. நல்ல சிவப்பு. அவர் பார்த்திருந்தால் வெத்தலை கொப்புளிச்ச கலர் என்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டு மாரீஸ்வரி உள்ளே வந்தாள்.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரத் தரையில் ஃபேன் காற்று ஜில்லென்று இருந்தது. ஜூன் மாதத் தாள்களை யாரோ அள்ளிப் பரண்மேல் திணித்திருந்தார்கள். எடுத்து வரிசைப்படுத்தி வைத்தாள். வியாழக்கிழமைத் தாளில் ராகு காலம் சரியாகத்தான் இருந்தது. திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

முனியசாமி சுடுகாட்டிலிருந்து ஈரத்தலையோடு வந்தார். உட்காரச் சொல்லி இருளம்மாள் மணையைப் போட்டாள். அவர் உட்காரவில்லை. சுவர்ப் பக்கம் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார். வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். அவர் தம்பி காலையில் நிற்கிறது மாதிரியே நின்றார்.

அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்த மாரீஸ்வரி அங்கிருந்தபடியே கேட்டாள்.

"எம்புட்டு அத்தான்?"

"ஒத்தைக் கிளிதான் தாயி."

அவள் டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தானும் பார்த்தாள். கிளி ஒன்றுதான். அதன் மூக்கின் சிவப்பு, மூக்கை விட்டு ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளியே இருந்தது.